டாமை வரைந்த கைகள்

தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் பால்வாடிச் சுவர்களைப் பாருங்கள். உயிரெழுத்து வரிசைக்கும் தேசியக் கொடிக்கும் நடுவில் ஒரு பூனை ஒரு எலியைத் துரத்திக்கொண்டிருக்கும். பெயின்டரிடம் மிச்சமிருந்த நீலத்தில் டாம், செங்கல் நிறத்தில் ஜெர்ரி. கடற்காற்றின் உப்பு பட்டு நாலைந்து மழைக்காலத்துக்குள் பெயின்ட் உரிந்துவிடும். மறுபடி வரைவார்கள். காமராஜர் படத்துக்குக் கீழே பெயர் எழுதுகிறார்கள், பாரதியார் படத்துக்குக் கீழே எழுதுகிறார்கள். டாமுக்கு எழுதுவதில்லை. எழுதவேண்டிய தேவையும் இல்லை, மூன்று வயதுப் பிள்ளைக்கே தெரியும்.

அந்தப் பூனையை முதன்முதலில் வரைந்தவர்கள் யார், எப்படி வேலை பார்த்தார்கள், கடைசியில் அவர்கள் வேலை எப்படிப் போனது என்பது மட்டும் நம்மில் பலருக்குத் தெரியாது. வடசென்னைக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது. அமெரிக்கத் தியேட்டர் கார்ட்டூன்களின் பொற்காலம் என்று சொல்லப்படும் அந்த முப்பது வருடம், அடிப்படையில் ஒரு தொழிற்சாலையின் கதை. பிரித்துப் பிரித்துச் செய்யும் வேலை, மேற்பார்வையாளர், சங்கம், ஸ்டிரைக், கதவடைப்பு, ஆட்குறைப்பு எல்லாம் அதில் உண்டு. பின்னி மில்லுக்கும் எண்ணூர் லேலண்டுக்கும் டிபன் பாக்ஸ் கட்டி அனுப்பிய வீடுகளுக்கு இந்தச் சொற்களை யாரும் விளக்கவேண்டியதில்லை.

நொடிக்கு 24

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஏழு நிமிடக் கார்ட்டூன் என்றால் 10,080 ஃபிரேம். ஒரு ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்திச் சமாளித்தாலும் ஐயாயிரம் ஓவியத்துக்குக் குறையாது. 1914-இல் வின்சர் மெக்கே 'ஜெர்ட்டி' என்ற டைனோசரை ஆடவைத்தபோது, டைனோசரோடு சேர்த்துப் பின்னால் இருக்கும் பாறையையும் ஏரியையும்கூட ஒவ்வொரு தாளிலும் திரும்பத் திரும்ப வரையவேண்டியிருந்தது. அந்தப் பின்னணியை நகலெடுத்துக் கொடுப்பதற்கென்றே ஒரு இளைஞர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விஷயம் அதோடு நின்றிருந்தால், கார்ட்டூன் ஒரு மேதையின் வித்தையாக மட்டும் இருந்து அவரோடு முடிந்திருக்கும்.

அதே 1914-இல் ஏர்ல் ஹர்ட் என்பவர் ஒரு முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். பின்னணியை ஒரே ஒரு தடவை வரைந்து கீழே வைத்துவிட வேண்டியது. அசையும் உருவத்தை மட்டும் கண்ணாடிபோல் தெரியும் செல்லுலாய்டு தாளில் வரைந்து அதன்மேல் அடுக்க வேண்டியது. தொழிலில் இந்தத் தாளுக்கு 'செல்' என்று பெயர். செல் வந்ததும் வேலை துண்டு துண்டாகப் பிரிந்தது. கை ஓங்குகிற நிலை ஒன்று, அடி விழுகிற நிலை ஒன்று என்று முக்கியமானதை மட்டும் அனிமேட்டர் வரைவார். நடுவில் வரவேண்டிய ஓவியங்களை நிரப்ப 'இன்பிட்வீனர்' என்று ஒரு படை. அதை மையால் செல்லின் முன்பக்கம் ஏற்ற ஒரு படை. செல்லைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் வண்ணம் தீட்ட இன்னொரு படை. கேமராக்காரர் ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொரு ஃபிரேமாக எடுப்பார். படம் முடிந்தால் செல்லைக் கழுவி அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்வார்கள்.

1930-இல் ஹாலிவுட்டில் ஒரு கார்ட்டூன் கம்பெனியில் செல் கழுவும் வேலைக்குச் சேர்ந்தவர் வில்லியம் ஹன்னா. பத்து வருடம் கழித்து டாமையும் ஜெர்ரியையும் உருவாக்கிய இருவரில் அவர் ஒருவர்.

மையும் வண்ணமும் பெரும்பாலும் பெண்களின் வேலை. நாள் முழுக்க மூக்கு நுனியில் தூரிகையைப் பிடித்துக்கொண்டு, ஒரு இழை கோணினாலும் திரையில் நடுங்கித் தெரியும் என்கிற பயத்தோடு அவர்கள் வேலை செய்தார்கள். டிஸ்னி பெண்களை ஏறக்குறைய அந்தப் பிரிவோடு நிறுத்திவைத்தது. நியூயார்க்கின் ஃப்ளெய்ஷர் ஸ்டூடியோவில்தான் 1933-இல் லில்லியன் ஃப்ரீட்மேன் என்ற பெண் அனிமேட்டர் நாற்காலிக்கு வந்தார். அமெரிக்க ஸ்டூடியோக்களில் அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவர் என்கிறார்கள்.

தையல்காரர் வீட்டுப் பிள்ளைகள்

டிஸ்னியின் கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் ஒரு தியேட்டரில் 'ஸ்டீம்போட் வில்லி' திரையிடப்பட்டது, அதில் மிக்கி விசிலடித்தது, 1932-இல் 'ஃப்ளவர்ஸ் அண்ட் ட்ரீஸ்' மூலம் டெக்னிகலர் வண்ணம் வந்தது, 1937 டிசம்பரில் 'ஸ்நோ ஒயிட்' வந்தது. மிக்கியின் ஆரம்பப் படங்களைப் பெரும்பாலும் வரைந்தவர் அப் ஐவர்க்ஸ் என்பதை மட்டும் இங்கே சேர்த்துச் சொல்லிவிட்டு, எனக்கு நெருக்கமான வேறொரு குடும்பத்துக்குப் போகிறேன்.

மேக்ஸ் ஃப்ளெய்ஷர் 1883-இல் கிராகோ நகரில் பிறந்தவர். அப்பா தையல்காரர். யூதக் குடும்பம். பிழைப்புக்காக நியூயார்க் வந்து, புரூக்ளினில் ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு பகுதியில் குடியேறினார்கள். மேக்ஸுக்கு ஓவியமும் தெரியும், இயந்திரமும் தெரியும். 1915-இல் அவர் ஒரு கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். உண்மையான மனிதன் அசைவதைப் படம் எடுத்து, அந்த ஃபிலிமை ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்திக் கண்ணாடியின் அடியிலிருந்து காட்டினால், மேலே தாளை வைத்து அப்படியே கோடு இழுத்துவிடலாம். கோமாளி வேஷம் போட்டு ஆடியவர் தம்பி டேவ். அந்த ஆட்டத்திலிருந்து 'கோகோ' என்ற கோமாளி பிறந்தான். அந்தக் கருவியின் பெயர் ரோட்டோஸ்கோப். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குத் திரும்பும்போது அது மறுபடி வரும்.

டிஸ்னியின் படங்களில் பண்ணைவீடும் பூந்தோட்டமும் இருக்கும். ஃப்ளெய்ஷரின் படங்களில் நகரம் இருக்கும்: ஒட்டிக் கட்டிய மாடி வீடுகள், மாடிக்கு மாடி கட்டிய துணிக்கொடி, துறைமுகம், சரக்குக் கப்பல், அடிதடி. 1933-இல் அவர்கள் பாப்பாயைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். ஈ.சி. செகார் 1929-இல் தினசரிப் பத்திரிகைச் சித்திரத் தொடரில் போகிற போக்கில் நுழைத்த ஒற்றைக் கண் மாலுமி அவன். அழகில்லை, பணமில்லை, இலக்கணமாகப் பேசத் தெரியாது. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை மட்டும் மூட்டை தூக்குகிறவர்களின் பலம். வலியவன் ஒருவன் எளியவனை அடித்தால் பொறுத்துக்கொள்ள மாட்டான். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை சொல்லிக் குத்துச்சண்டை வளர்த்த துறைமுகத் தொழிலாளிகளின் ஊருக்கு இவனைவிடப் பொருத்தமான கார்ட்டூன் நாயகன் கிடையாது என்பது என் தீர்மானமான கருத்து. மிக்கியை ரசிக்கலாம். பாப்பாயை நமக்குத் தெரியும்.

அவன் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? அந்த ஸ்டூடியோவில் முதலில் படத்தை வரைந்து முடித்துவிட்டு, பிறகுதான் குரல் பதிவார்கள். உதடு அசையாத இடத்திலெல்லாம் எதையாவது சொல்லி நிரப்புவார் ஜாக் மெர்சர். 1935 முதல் பாப்பாயின் குரல் அவர்தான். வெளியிலிருந்து வந்த நடிகர் இல்லை. அதே ஸ்டூடியோவில் மேஜையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்த தொழிலாளி.

மறியல்

1937 மே மாதம் அந்த மேஜைகள் காலியாயின. குறைந்த சம்பளம், வாரத்துக்கு இத்தனை அடி ஃபிலிம் என்று ஏறிக்கொண்டே போன அளவு, சங்கத்தில் சேர்ந்தவர்களை நீக்கியது என்று காரணங்கள் சேர்ந்தன. இன்பிட்வீனர்களும் மை-வண்ணக்காரர்களும் நியூயார்க் வீதியில் பதாகை பிடித்தார்கள். பதாகைகளில் அவர்களே வரைந்த பாப்பாய் இருந்தான். ஐந்து மாதம். அமெரிக்க அனிமேஷன் தொழிலின் முதல் பெரிய வேலைநிறுத்தம் அது. அக்டோபரில் நிர்வாகம் சங்கத்தை ஏற்றது. மறு வருடமே ஸ்டூடியோவைத் தூக்கிக்கொண்டு மயாமிக்குப் போய்விட்டது. வரிச் சலுகை, பெரிய கட்டடம் என்று காரணங்கள் சொல்லப்பட்டாலும், சங்கம் வலுவாக இருந்த ஊரைவிட்டு விலகுவதும் அதில் ஒன்று. கம்பெனி ஊர் மாறினால் சங்கம் என்ன ஆகும் என்று நம் பகுதியில் கேட்டால், பதில் சொல்ல நூறு பேர் இருப்பார்கள்.

1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பின்னி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சலு நாயுடுவும் முன்னின்றார்கள். 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். அப்போது ஃப்ளெய்ஷர் ஸ்டூடியோ குழந்தை. டிஸ்னி இன்னும் ஹாலிவுட்டுக்கே வரவில்லை. தொழிலாளர் உரிமை விஷயத்தில் பெரம்பூர் டிஸ்னியின் பர்பேங்குக்கு மூத்தது.

பர்பேங்கில்தான் 1941 மே 29 அன்று டிஸ்னியின் வாசலில் மறியல் தொடங்கியது. 'கூஃபி'க்கு உயிர் கொடுத்த ஆர்ட் பாபிட் நல்ல சம்பளம் வாங்கியவர். தனக்கு உதவியாளராக இருந்தவர்களின் கூலி போதவில்லை என்று சங்கத்தின் பக்கம் நின்றார். அவரை நீக்கினார்கள். நூற்றுக்கணக்கான ஓவியர்கள் வெளியே வந்தார்கள். அப்போது ஸ்டூடியோவுக்குள் தயாராகிக்கொண்டிருந்த படம் 'டம்போ'. அதில் சர்க்கஸ் கோமாளிகள் முதலாளியிடம் கூலி உயர்வு கேட்கக் கிளம்பும் ஒரு காட்சி இருக்கிறது. வெளியே நின்றவர்களைக் கேலி செய்து போட்டது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். குழந்தைகள் சிரிக்கும் அந்தக் காட்சியை இந்தத் தகவலோடு பார்த்தால் சிரிப்பு வராது. முடிவில் சங்கத்தை டிஸ்னி ஏற்றார். ஆனால் பிரிந்துபோனவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்களில் சிலர் சேர்ந்த யூபிஏ என்ற கம்பெனி, 1950-இல் 'ஜெரால்டு மக்பாயிங் பாயிங்' என்ற படத்தின் மூலம் கார்ட்டூன் கோட்டையே மாற்றிப்போட்டது.

பியானோவுக்குள் எலி

வார்னர் பிரதர்ஸுக்காக லியோன் ஷ்லெசிங்கர் நடத்திய ஸ்டூடியோவில் ஒரு பழைய மரக் கட்டடம் இருந்தது. டெக்ஸ் ஏவரி, சக் ஜோன்ஸ், பாப் கிளாம்பெட் ஆகியோர் அதில் உட்கார்ந்து வரைந்தார்கள். கட்டடத்துக்கு அவர்களே வைத்த பெயர் 'கரையான் மாளிகை'. பெயரிலேயே அதன் நிலைமை தெரிகிறது. பக்ஸ் பன்னி நிறைவான உருவத்தோடு வந்த 'எ வைல்டு ஹேர்' (1940) ஏவரியின் இயக்கம். பெரும்பாலான பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க் சம்பள உயர்வு கேட்டபோது, அது கிடைக்காமல் திரையில் பெயர் போடும் உரிமை கிடைத்தது. மற்ற குரல்காரர்களுக்கு அதுவும் இல்லை.

எம்ஜிஎம் கம்பெனியில் வில்லியம் ஹன்னாவும், வங்கி வேலையை விட்டுவிட்டு வந்த ஜோசப் பார்பெராவும் 1940-இல் 'புஸ் கெட்ஸ் த பூட்' என்ற படத்தை எடுத்தார்கள். முதல் டாம்-ஜெர்ரி அதுதான். அதில் பூனையின் பெயர் ஜாஸ்பர். அங்கிருந்து 1958 வரை 114 படம், ஏழு ஆஸ்கர்.

அதில் ஒன்றை மட்டும் கிட்டே போய்ப் பார்க்கலாம். 'த கேட் கான்செர்ட்டோ'. டாம் கோட் சூட்டில் மேடைக்கு வருகிறது. பியானோ முன் உட்கார்கிறது. லிஸ்ட் என்ற ஹங்கேரிய இசைமேதையின் ராப்சடி ஒன்றை வாசிக்கத் தொடங்குகிறது. பியானோவுக்குள் சுத்தியல்களின் மேல் ஜெர்ரி தூங்குகிறது. ஒரு ஸ்வரம் விழுந்ததும் சுத்தியல் அதைத் தூக்கிப் போடுகிறது. சண்டை ஆரம்பம். ஜெர்ரி மூடியைப் போட்டு விரலை நசுக்குகிறது, கட்டைகளுக்கு நடுவே எலிப்பொறி வைக்கிறது, சுத்தியல்களின் மேல் குதித்துக் குதித்துத் தானே வாசிக்கிறது. இத்தனை கலவரத்திலும் இசை ஒரு இடத்திலும் அறுவதில்லை. டாமின் விரல்களைப் பாருங்கள்: எந்தக் கட்டையில் விழவேண்டுமோ அங்கே விழுகின்றன. இசையை எண்ணி, ஃபிரேமை எண்ணி, இரண்டையும் ஒரே தாளத்தில் கட்டியிருக்கிறார்கள். இசையமைப்பாளர் ஸ்காட் பிராட்லி. அனிமேட்டர்கள் கென் மியூஸ், எட் பார்ஜ், இர்வன் ஸ்பென்ஸ். கடைசியில் டாம் களைத்துச் சரிய, ஒளிவட்டம் ஜெர்ரியின் மேல் விழுகிறது. கைதட்டலை எலி வாங்கிக்கொள்கிறது. இந்தப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தபோது, விருது தயாரிப்பாளர் ஃப்ரெட் குவிம்பியின் பெயருக்குப் போனது.

இந்தப் படங்களைப் பாராட்டும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. டாம் இருக்கும் வீட்டில் ஒரு கறுப்பினப் பெண் வருவார். பெரும்பாலும் முகம் காட்ட மாட்டார்கள். செருப்பும் காலுறையும் துடைப்பமும் அதட்டலும் மட்டும். குரல் லில்லியன் ராண்டால்ஃப் என்ற நடிகையுடையது. கறுப்பின மக்களின் அமைப்புகள் எதிர்த்தன. 1952-க்குப் பிறகு அந்தப் பாத்திரம் வரவில்லை. வீட்டு வேலைக்குப் போகிற அம்மாக்களின் பிள்ளைகள் நிறைந்த நம் தெருக்களில் நாங்கள் அந்தக் கால்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வளர்ந்தோம். அந்தச் சிரிப்பு தவறான சிரிப்பு. நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும்போது இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கடை மூடிய கதை

அந்த ஏழு நிமிடப் படங்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால் ஒரு செய்திப்படம், ஒரு கார்ட்டூன் என்பது வழக்கம். பெரிய படம் வேண்டுமானால் எங்கள் துண்டுப் படங்களையும் சேர்த்து எடுத்துக்கொள் என்று ஸ்டூடியோக்கள் தியேட்டர்களை நெருக்கும். பல தியேட்டர்கள் ஸ்டூடியோக்களுக்கே சொந்தம். 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டைச் சட்டவிரோதம் என்றது. தீர்ப்பு நியாயமானது. ஆனால் கார்ட்டூனுக்கு இருந்த நிச்சயமான இடம் அதோடு ஆட்டம் கண்டது. அதே நேரத்தில் வீட்டுக்கு வீடு டிவி வந்தது. பழைய கார்ட்டூனைத் திரும்ப வெளியிட்டாலே கிட்டத்தட்ட அதே வசூல் வருகிறது என்று எம்ஜிஎம் கணக்குப் பார்த்தது. 1957-இல் கார்ட்டூன் பிரிவை மூடியது. 1963-இல் வார்னரும் மூடியது.

ஹன்னாவும் பார்பெராவும் சொந்தக் கம்பெனி தொடங்கி டிவிக்குப் போனார்கள். அங்கே பணம் குறைவு. உடம்பு அசையாமல் வாய் மட்டும் அசையும், ஒரே வீதி திரும்பத் திரும்பப் பின்னால் ஓடும். டாம்-ஜெர்ரியைப் பிறகு பிராக் நகரத்தில் ஜீன் டைட்ச் குழு 13 படமாக எடுத்தது. அதன்பின் சக் ஜோன்ஸ் 34 படம் எடுத்தார். நல்ல ஓவியர்கள்தான். ஆனாலும் அந்தப் பழைய துடிப்பு வரவில்லை. வருடக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் ஒருவர் கோட்டை ஒருவர் அறிந்து வேலை செய்த கூட்டம் கலைந்துபோயிருந்தது. நிரந்தரமான கூட்டம், திரையில் நிச்சயமான இடம்: இந்த இரண்டும்தான் டாமைப் பெற்றெடுத்தன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் பக்கம் என்ன நடந்தது?

வடசென்னை சினிமாவின் பழைய வீடு. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வால்டாக்ஸ் சாலையில் கினிமா சென்ட்ரலில் வெளியானது. பிற்பாடு முருகன் டாக்கீஸ் என்று நமக்குத் தெரிந்த அதே தியேட்டர். ஜார்ஜ் டவுன் சந்துக்குள் இருந்த மினர்வா ஆங்கிலப் படங்களுக்குப் பேர்போனது. 1995-இல் கார்ட்டூன் நெட்வொர்க் கேபிள் வழியாக இந்தியாவுக்கு வந்தபோதுதான் பழைய தியேட்டர் கார்ட்டூன்கள் மொத்தமாக நம் வீடுகளுக்கு வந்தன. எங்கள் தெருவில் கேபிள் இருந்த ஒரு வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஐந்து பேர், உள்ளே பத்து பேர். டாம்-ஜெர்ரிக்குத் தமிழும் வேண்டியதில்லை, ஆங்கிலமும் வேண்டியதில்லை.

சென்னை சும்மா பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. 1947-இலேயே எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோ 'சினிமா கதம்பம்' என்ற கார்ட்டூன் படத்தை எடுத்தது. வரைந்தவர் தாணு. வாசனின் கையில் பத்திரிகையும் இருந்தது, ஸ்டூடியோவும் இருந்தது, ஓவியர்களும் இருந்தார்கள். அதைத் தொடர்ந்து பத்துப் படம் வந்திருந்தால் தமிழ்க் கார்ட்டூனின் தலையெழுத்தே வேறாக இருந்திருக்கும் என்ற ஆற்றாமை எனக்கு உண்டு. தொடரவில்லை.

மத்திய அரசு தொடர்ந்தது. 1948-இல் ஃபிலிம்ஸ் டிவிஷன் உருவானது. தியேட்டர் லைசென்ஸ் வேண்டுமானால் பெரிய படத்துக்கு முன் அதன் படத்தைப் போட்டே ஆகவேண்டியிருந்தது. தரை டிக்கெட்டில் உட்கார்ந்து, 'நியூஸ் ரீல் எப்போதுடா முடியும்' என்று காத்திருந்தவர்களுக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கும். 1956-இல் அதற்குள் ஒரு கார்ட்டூன் பிரிவு தொடங்கியது. பயிற்சி கொடுக்க அமெரிக்க உதவித் திட்டத்தில் வந்தவர் கிளேர் வீக்ஸ். டிஸ்னியில் 'பாம்பி', 'பீட்டர் பான்' படங்களில் வேலை பார்த்தவர், மிஷனரிப் பெற்றோருக்கு இந்தியாவில் பிறந்தவர். புத்த ஜாதகக் கதையை வைத்து 1957-இல் 'த பேன்யன் டீர்' வந்தது. அந்தப் பயிற்சியில் சேர்ந்தவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த இளைஞர், ராம் மோகன். பின்னால் எல்.வி. பிரசாத்தின் பிரசாத் புரொடக்ஷன்ஸில் அனிமேஷன் பிரிவுக்குத் தலைமை ஏற்றார், 1972-இல் தனி ஸ்டூடியோ தொடங்கினார், ஜப்பானியர்களோடு சேர்ந்து 'ராமாயணம்' படத்தை இயக்கினார். 2014-இல் பத்மஸ்ரீ பெற்றார். 2019-இல் காலமானார். இந்திய அனிமேஷனின் தந்தை என்று அவரைச் சொல்வதில் மிகை இல்லை.

ஆக, நமக்கும் ஒரு கூட்டம் இருந்தது, தியேட்டரில் நிச்சயமான இடமும் இருந்தது. நல்ல படங்கள் வந்தன. ஒரு டாம் வரவில்லை. காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. சேமிப்பு, சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு என்று ஒவ்வொரு படமும் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு முடிந்துபோனது. அடுத்த வாரமும் பார்க்க ஏங்கவைக்கும் ஒரு பாத்திரத்துக்கு அங்கே இடம் இல்லை. டாம் 114 தடவை திரும்பி வந்தது. நம் மான் ஒரு தடவை வந்துவிட்டுப் போனது. இப்போது நியூஸ் ரீலும் இல்லை. ஃபிலிம்ஸ் டிவிஷனே 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது.

ரோட்டோ வேலைக்கு ஆள் தேவை

ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன பெயருக்கு வருகிறேன். சென்னையில் சினிமாவுக்குக் கம்ப்யூட்டரில் காட்சி ஜாலம் செய்யும் விஎஃப்எக்ஸ் கம்பெனிகளின் வேலை விளம்பரங்களில் 'ரோட்டோ ஆர்ட்டிஸ்ட்' என்ற பதவியைப் பார்க்கலாம். மேக்ஸ் ஃப்ளெய்ஷரின் ரோட்டோஸ்கோப்பிலிருந்து வந்த பெயர். வேலையும் அதே வேலை. நடிகர் ஓடுகிறார் என்றால், கம்ப்யூட்டர் திரையில் அவர் உருவத்தின் ஓரத்தை, பறக்கும் தலைமுடியோடும் சட்டை நுனியோடும், ஃபிரேம் ஃபிரேமாகக் கோடு இழுத்துப் பின்னணியிலிருந்து வெட்டியெடுக்க வேண்டும். நொடிக்கு அதே 24. பிறகுதான் அவருக்குப் பின்னால் எரிமலையோ கப்பலோ வைக்க முடியும். இந்தத் தொழிலின் வாசற்படி வேலை இது. சம்பளம் குறைவு, கண்வலி அதிகம், டெலிவரி நெருங்கினால் இரவு பகல் கிடையாது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறி இந்த மாதிரி வேலைக்குப் போகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஹாலிவுட் படமும் வரும், தெலுங்குப் படமும் வரும். தாங்கள் வெட்டியெடுத்த காட்சி எந்தக் கதையில் எங்கே வருகிறது என்பதுகூட அவர்களுக்குப் பல நேரம் தெரியாது. படத்தின் முடிவில் பெயர் வரும் என்று உறுதியும் இல்லை.

சென்னை பெரிதாக முயன்றும் பார்த்தது. பென்டாமீடியா நிறுவனம் 2000-இல் 'பாண்டவாஸ்' எடுத்துத் தேசிய விருது வாங்கியது. அதே வருடம் வந்த 'சிந்துபாத்' முழுக்க, நடிகர்களின் அசைவைப் பதிவுசெய்து உருவங்களுக்கு ஏற்றும் மோஷன் கேப்சர் முறையில் செய்யப்பட்டது. 2007-இல் 'இனிமே நாங்கதான்', 2014-இல் 'கோச்சடையான்'. எல்லாம் முழுநீளப் படங்கள். ஒரு படம் கையைச் சுட்டால் கூட்டமே கலைந்துவிடும். ஏழு நிமிடத்தில் தவறு செய்து, அடுத்த ஏழு நிமிடத்தில் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு நம் ஓவியர்களுக்குக் கிடைக்கவே இல்லை.

கூட்டம் கலைவது உலகம் முழுக்க நடக்கிறது. புதுச்சேரியில் தொடங்கும் கதையான 'லைஃப் ஆஃப் பை' 2013 பிப்ரவரியில் விஎஃப்எக்ஸுக்கு ஆஸ்கர் வாங்கியது. அந்தப் புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹ்யூஸ் கம்பெனி அதே மாதம் திவால் மனு கொடுத்திருந்தது; விழா அரங்குக்கு வெளியே தொழிலாளர்கள் மறியல் செய்தார்கள். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமத்தின் இந்தியப் பிரிவு மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 1932-இல் கார்ட்டூனுக்கு வண்ணம் கொடுத்த அதே பெயர்.

இப்போது என் கோரிக்கை. 2012 முதல், புகையிலைக் காட்சி வரும் படங்களின் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் குறைந்தது 30 நொடி எச்சரிக்கைப் படம் போடவேண்டும் என்பது விதி. அரசு நினைத்தால் தியேட்டரில் இடம் வாங்க முடியும் என்பதற்கு இது சான்று. தனியார் விளம்பரங்களுக்கும் நேரம் இருக்கிறது. தமிழ்நாட்டுத் தியேட்டர் உரிமையாளர்களையும் தயாரிப்பாளர்களையும் மாநில அரசையும் கேட்கிறேன்: ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் ஏழு நிமிடத்தைத் தமிழ்க் கார்ட்டூனுக்கு ஒதுக்குங்கள். செய்தி சொல்லும் படம் வேண்டாம். காசிமேட்டு ஏலத்தில் மீன் திருடும் பூனையாக இருக்கட்டும், எண்ணூர்க் கழிமுகத்து நண்டாக இருக்கட்டும். மறுபடி மறுபடி வரும் ஒரு பாத்திரமாக இருக்கட்டும். ஒரு குழுவுக்குக் குறைந்தது மூன்று வருடம் மாதச் சம்பளமும் வைப்பு நிதியும் சங்கம் சேரும் உரிமையும் கொடுங்கள். கோடு இழுத்தவர், வண்ணம் தீட்டியவர், ரோட்டோ செய்தவர் எல்லோருடைய பெயரையும் திரையில் போடுங்கள்.

தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020-இல் மூடப்பட்டுவிட்டது. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இன்னும் தியேட்டர்கள் ஓடுகின்றன. வரும் கோடை விடுமுறையில் அவற்றில் ஒன்றில் தொடங்கினாலும் போதும். வரைவதற்கு ஆட்கள் இங்கேயே இருக்கிறார்கள்.